பழைய தரைக்குப் புதுக் கம்பளம்

போன இதழில், மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி உலர்த்துவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் குன்னூர்ச் சகோதரி ஒருவர், "துணி கிடக்கட்டும். காலை வைத்தாலே சில்லிட்டுப் போகிற தரைக்கு ஒரு வழி சொல்லுங்களேன். சதுரம் சதுரமாகக் கம்பளம் வருகிறதாமே, அதைப் பழைய தரை மேலேயே ஒட்டலாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

ஒட்டலாம். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒருமுறை ஒட்டி, கையைச் சுட்டுக்கொண்டவள் நான். அதனால் என் அனுபவத்தை முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு உதகையில். கடல் மட்டத்துக்கு மேல் 7,300 அடிக்கு மேற்பட்ட உயரம். டிசம்பர், ஜனவரியில் காலையில் எழுந்து பார்த்தால் புல் மேல் உறைபனி உப்புத் தூவின மாதிரி படிந்திருக்கும். மாமனார் காலத்தில் கட்டின வீடு. தரை முழுக்கச் சிவப்புச் சிமெண்டு. வருஷக்கணக்காக மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கும். வருகிறவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போவார்கள். அதிலே வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

2021 டிசம்பரில் என் மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவருக்கு வயது 78. கூடவே நீர்க்கடுப்பு. டாக்டர் பரிசோதித்துவிட்டு, நீர்த்தாரையில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார். "அம்மா தண்ணீர் சரியாகக் குடிக்கிறார்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான், "தினமும் ராத்திரி சொம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறேன் டாக்டர்" என்றேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கறதில்லை, கண்ணு" என்றார். "குடிச்சா ராத்திரி எந்திரிக்கோணும். எந்திரிச்சா அந்தத் தரையில காலை வெக்கோணும். பாதம் ரெண்டும் மரத்துப் போயிருது. அதுக்குத்தான் தண்ணியையே விட்டுட்டேன்."

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. ராத்திரி நான் வைக்கிற சொம்பு காலையில் அப்படியே நிறைந்திருக்கும். அதைத் தினமும் எடுத்துக்கொண்டு போய் ரோஜாச் செடிக்கு ஊற்றினவள் நான்தானே! ஒரு நாளாவது, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேனா?

சரி, என்ன செய்வது? செருப்பு வாங்கி வந்தேன். "சாமி இருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். கம்பளிக் காலுறை போட்டால் மெழுகுத் தரையில் வழுக்குகிறது. பவானி ஜமக்காளத்தை விரித்தேன். அது காலடியிலேயே நகர்ந்து, ஒரு நாள் அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தப்பினார். வயதானவர்கள் உள்ள வீட்டில், வழவழப்பான தரை மேல் ஒட்டாத விரிப்பைப் போன்ற ஆபத்து வேறு கிடையாது. இதை எல்லாரும் நினைவில் வையுங்கள்.

அப்போதுதான் இவர் அந்தச் சதுரக் கம்பளத்தைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர்கள் 'கார்ப்பெட் டைல்' என்கிறார்கள். ஆபீஸ்களிலும் ஆஸ்பத்திரி வரவேற்பு அறைகளிலும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர், அதாவது இருபது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான சதுரம். மேலே நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழை, அடியிலே பி.வி.சி. அல்லது தார் கலந்த கெட்டியான முதுகு. மொத்தக் கனம் ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ரே ஆண்டர்சன் என்பவர் 1973-ல் தொடங்கிய இன்டர்ஃபேஸ் கம்பெனி இதைச் செய்து பேர் வாங்கியது. ஆபீஸ்களில் இது பரவியதற்குக் காரணம், ஒரு இடம் அழுக்கானால் முழுக் கம்பளத்தையும் மாற்ற வேண்டாம், அந்த ஒரு சதுரத்தை மட்டும் எடுத்தால் போதும் என்கிற சௌகரியம்தான். ஆபீஸுக்கு அது சௌகரியம். நம் போன்ற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்தோம். ஒட்டுவதற்கு ஒரு தம்பி வந்தான். அத்தையின் அறை பன்னிரண்டுக்குப் பத்து. "120 சதுர அடிங்க அக்கா. 45 டைல் கணக்கு. எதுக்கும் ரெண்டு மூணு சேர்த்துக்கலாம், போதும்" என்றான். எனக்கும் காசு மிச்சம் என்று சந்தோஷம். காலையில் வந்தவன், தரையை ஒரு பெருக்குப் பெருக்கினான். ரப்பர் பசை டப்பாவைத் திறந்தான். எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பித்து, வாசலை நோக்கி ஒட்டிக்கொண்டே வந்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து பார்த்துச் சிரித்தார்.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. ஜூலையில் அறைக்குள் நுழைந்தால் ஈரச் சாக்கு வாசனை. ஊதுவத்தி ஏற்றினேன், சாம்பிராணி போட்டேன். வாசனை போகவில்லை. ஒரு நாள் விடியற்காலை அத்தை அறையில் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஒரு காலை மட்டும் மெதுவாக நீட்டித் தரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதான் எப்பவும் தட்டுது, கண்ணு. பார்த்து வெச்சா ஒண்ணுமில்லை" என்றார். 'எப்பவும்' என்றாரே, அந்த வார்த்தைதான் என்னைக் கலக்கிவிட்டது. எத்தனை நாளாகத் தட்டுகிறதோ! நான் சங்கடப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

குனிந்து பார்த்தேன். வாசலோரம் இரண்டே அங்குல அகலத்துக்குத் துண்டு துண்டாக ஒட்டியிருந்தான் அல்லவா, அதெல்லாம் பல் காட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு மூலையில், வெளிச்சுவர்ப் பக்கம், ஒரு சதுரத்தைப் பிடித்து இழுத்தேன். பசை கொழகொழவென்று நூலாக இழுபட்டது. அடியிலே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை.

அன்றைக்கே முழுவதையும் பெயர்த்து எடுத்தோம். பசையோடு முதுகும் கிழிந்து வந்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. பணம் போனது ஒரு பக்கம். இரண்டு அங்குலத் துண்டுக்கு அத்தையின் இடுப்பெலும்பைப் பணயம் வைத்திருந்தேனே என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது.

தப்பு கம்பளத்திலா? இல்லை. அந்தத் தம்பியிடம் மட்டுமா? அதுவும் இல்லை. புதுசாக ஒன்றை மேலே போட்டு மூடிவிட்டால் பழைய தரையின் குறை மறைந்துவிடும் என்று நான் நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. தரை தன் குறையை நம்மிடம் சொல்லும். நாம்தான் கேட்பதில்லை. சொம்புத் தண்ணீர் மாதிரிதான்!

இரண்டாவது தடவை, அவசரமே படாமல், 2023 பிப்ரவரியில் செய்தோம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஈரம். ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள் நாலைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் இரண்டு, குளியலறைச் சுவர் ஓரம் ஒன்று என்று வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பிறகு தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்துத் தெரிந்தாலோ, அங்கே ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். கம்பளத்தின் முதுகு ஈரத்தை வெளியே விடாது. அது அடியிலேயே தேங்கிப் பசையை இளக்கும், பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். ஒரு விஷயம்: இந்தச் சோதனையை நல்ல மழைக்காலத்தில் செய்ய வேண்டும். நாங்கள் முதலில் ஒட்டினது மார்ச் மாதம். அப்போது உதகையில் எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும்! 2022 அக்டோபர், நவம்பர் மழையில் சோதித்தபோது நடுத்தாள் காய்ந்திருந்தது. வெளிச்சுவர்த் தாள் இரண்டும் குளித்த மாதிரி இருந்தன.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே அந்தச் சுவரை ஒட்டித்தான் என் ரோஜாப் பாத்தி. வருஷா வருஷம் எருவும் மண்ணும் போட்டுப் போட்டு, மண் உயரம் அறைத் தரையைவிட ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. நான் ஊற்றுகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் சுவர் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. பாத்தியைச் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி மாற்றினோம். தரை மட்டத்துக்குக் கீழே போகிற மாதிரி மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் ஓடச் சரிவாக ஒரு சிமெண்டு வாய்க்கால் கட்டினோம். பிறகு ஜனவரி கடைசி வரை சுவரையும் தரையையும் காயவிட்டு, மறுபடி பாலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். குளியலறைக் குழாய்க் கசிவு, அடைத்துக்கொண்ட சாக்கடை, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுவது என்று எதுவாகவும் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பசை டப்பாவைத் திறக்காதீர்கள். சரிசெய்தும் ஈரம் நிற்கவில்லையா, அந்த அறைக்குக் கம்பளம் வேண்டாம். ஆசையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மெழுகு. சிவப்புச் சிமெண்டுத் தரையில் பல வருஷத்து மெழுகும் எண்ணெயும் ஊறியிருக்கும். பசை அதன் மேல் நிற்காது. வாஷிங் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். காய்ந்த பின் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி ஊறினால் போய்விட்டது. எனக்கு மூன்று தடவை கழுவ வேண்டியிருந்தது. முதுகு ஒடிந்துவிட்டது போங்கள்!

மூன்றாவது, மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் நேரான அலுமினியப் பட்டியைத் தரையில் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆறேழு அடி நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும். நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கிற இடத்தில் மேல்பூச்சு விட்டிருக்கிறது. அதைப் பெயர்த்துவிட்டுப் பூச வேண்டும். விரிசல்களுக்கும் அதே வைத்தியம். பூசின இடம் நன்றாகக் காய்கிற வரைக்கும் பொறுங்கள். பழைய தரையின் சின்ன மேடு பள்ளம்கூட மேலே போடுகிற கம்பளத்தில் தெரியும். வயதானவர்களின் காலுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

நான்காவது, கணக்கு. இதைத்தான் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சதுர அடியை வகுத்துக் கணக்குப் போட்டால் எங்கள் அறைக்கு 45 வரும். ஓரத்துக்கு என்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலும் 50-தான். ஆனால் சுவரிலிருந்து ஆரம்பித்தால் பத்தடிப் பக்கத்தில் ஆறு முழுச் சதுரம் போக, மீதி இரண்டே அங்குலம். அந்த இரண்டு அங்குலத் துண்டுதான் அத்தையின் காலைத் தட்டியது. சரியான முறை என்ன? அறையின் நடுவிலிருந்து ஆரம்பித்து, இரண்டு ஓரத்திலும் சமமாக, பாதிச் சதுரத்துக்குக் குறையாத துண்டு வருகிற மாதிரி நகர்த்திக்கொள்வது. எங்கள் அறையில் பத்தடிப் பக்கத்தில் ஐந்து முழுச் சதுரம், இரண்டு ஓரத்திலும் பத்தே முக்கால் அங்குலத் துண்டு. பன்னிரண்டடிப் பக்கத்தில் ஆறு முழுச் சதுரம், இரண்டு ஓரத்திலும் 13 அங்குலத் துண்டு. ஆகமொத்தம் எட்டு வரிசைக்கு ஏழு, 56 சதுரம். வெட்டின மீதி இன்னொரு ஓரத்துக்குப் போதாது. 20 கொண்ட பெட்டியாக மூன்று பெட்டி வாங்கினோம். நாலு மிச்சம். அந்த நாலையும் பத்திரமாகப் பரணில் வைத்தேன். 'காசை மிச்சம் பிடிக்கிறேன்' என்று இந்த இடத்தில் மட்டும் கையைக் குறுக்காதீர்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுப்பு எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேறு வேறானால் நிறம் ஒரு சாயல் மாறும். பிறகு பெட்டியைப் பிரித்து, சதுரங்களை ஒட்டப்போகிற அறையிலேயே ஒரு நாள் படுக்கை வாட்டில் வைத்திருக்க வேண்டும். கோயமுத்தூர் வெயிலிலிருந்து உதகைக் குளிருக்கு வந்தது, உடனே ஒட்டினால் பிற்பாடு சுருங்கி இடைவெளி காட்டும்.

ஐந்தாவது, ஒட்டுவது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவைக் குறித்து, குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓரத் துண்டு சரியாக வரும்படி அந்தக் கோட்டைத் தேவையான அளவு நகர்த்துங்கள். இரண்டு கோடும் சரியான மூலையில் வெட்டுகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: ஒரு கோட்டில் மூன்றடி, மற்றதில் நாலடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடையே சாய்வாக அளந்தால் சரியாக ஐந்தடி இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு என்றைக்கோ ஒரு நாள் உதவத்தான் செய்கிறது!

பசை போடாமல் முதலில் ஒரு வரிசை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சதுரத்தின் முதுகிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்பும் ஒரே திசையில் இருந்தால் ஒரே கம்பளம் போலத் தெரியும். ஒன்று விட்டு ஒன்று திருப்பினால் சதுரங்கக் கட்டம் போலத் தெரியும். எது வேண்டுமோ அதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பசை எது என்பது முக்கியம். ரப்பர் பசை வேண்டாம். அதன் வீச்சம் தலைவலி கொடுக்கும், பிறகு எடுக்கவும் வராது. கார்ப்பெட் டைலுக்கென்றே தண்ணீரில் கரைந்த பசை ஒன்று இருக்கிறது. ஸ்பாஞ்சு ரோலரால் மெல்லிசாகப் பூசினால் பால் போல வெள்ளையாக இருக்கும். அவசரப்படாதீர்கள். அது நிறம் மாறிக் கண்ணாடி போல ஆகி, விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் வைத்தால் சதுரம் நகராது. ஆனால் வேண்டும்போது மூலையைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். நாம் பாகுப் பதம் பார்க்கிறவர்கள்தானே, இந்தப் பதம் நமக்கு ஒரு நாளில் பிடிபட்டுவிடும்.

நடுக் குறியில் முதல் சதுரம். அதிலிருந்து படி படியாக நாலு பக்கமும் போக வேண்டும். பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அதற்காக இறுக்கித் திணிக்கக் கூடாது, திணித்தால் கூரை மாதிரி எழும்பும். இழை நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஓரத்துக்கு வெட்டும்போது முதுகுப் பக்கத்திலிருந்து, இரும்பு ஸ்கேல் வைத்து, கூரான கத்தியால் கீறுங்கள். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள். கடைசியில் அழுத்திவிட ரோலர் வேண்டும். என்னிடம் ஏது? பரணில் சும்மா கிடந்த அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி உருட்டினேன். அம்சமாக வேலை செய்தது!

வாசலில் கம்பளம் முடிகிற விளிம்பை வெறுமனே விடக்கூடாது. சரிவாக இறங்குகிற அலுமினியப் பட்டி கிடைக்கிறது. அதைத் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். திருகாணித் தலை துளிகூட எழும்பி நிற்கக் கூடாது. கதவு கம்பளத்தில் உரசினால் தச்சரை வைத்து அடிப்பக்கத்தை இழைத்துக்கொள்ளலாம்.

இனி, சில கேள்விகளை நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வாடகை வீட்டில் போடலாமா? போடலாம். தரையில் பசையே படாமல், நாலு சதுரம் சேரும் மூலையில் அடியில் வைத்து ஒட்டுகிற வில்லைகள் விற்கின்றன. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் தரை மட்டமாக இருக்க வேண்டும்.

குழந்தைகள் அறையில் போடலாமா? வீசிங், இளைப்பு, தூசி அலர்ஜி உள்ள குழந்தையானால் வேண்டவே வேண்டாம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் கம்பள இழையில் தூசியும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளும் தங்கும். அந்தக் குழந்தைக்குத் தினம் ஈரத் துணியால் துடைக்கிற வெறும் தரைதான் மருந்து.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு? அந்தப் புழுக்கத்துக்கும் நாம் தினம் தண்ணீர் விட்டுத் துடைக்கிற பழக்கத்துக்கும் இது ஒத்துவராது. வழுக்கல்தான் கவலையானால், அடியில் ரப்பர் உள்ள வழுக்காத விரிப்பைக் கட்டிலோரம் போட்டு, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். சமையலறை, பூஜை அறை, குளியலறை, இந்த மூன்றிலும் எந்த ஊரானாலும் கம்பளம் கூடாது. எண்ணெய், நெருப்பு, தண்ணீர் மூன்றுக்கும் இதற்கும் ஆகாது.

எந்த ரகம் வாங்க? வயதானவர்கள் நடக்கிற அறைக்கு இழை குட்டையாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். புசுபுசுவென்று கால் புதைகிற ரகம் பார்க்க ஆடம்பரம், நடக்கத் தடுமாற்றம். நைலான் கொஞ்சம் விலை கூட, ஆனால் மிதிபட்டாலும் இழை நிமிர்ந்துகொள்ளும். மற்றது விலை மலிவு, சீக்கிரம் படுத்துவிடும். தரையின் நிறமும் கம்பளத்தின் நிறமும் நன்றாக வேறுபட்டால், பார்வை மங்கியவர்களுக்கு விளிம்பு எங்கே என்று தெரியும்.

பராமரிப்பு? வாரம் இரண்டு தடவை வாக்குவம் கிளீனர். காப்பி கொட்டினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம்.

இரண்டாவது தடவை ஒட்டிச் சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் அத்தை கட்டிலை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ராத்திரி எந்திரிச்சேன், கண்ணு. குளியலறை வரைக்கும் அடக்க முடியலை. உன்ற புதுக் கம்பளத்தைக் கெடுத்துப்போட்டேன்" என்றார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை, மாமனார் போனபோது தவிர.

நான் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, நனைந்த இரண்டு சதுரத்தின் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது. தரையைத் துடைத்துக் காயவிட்டு, பரணிலிருந்து இரண்டு புதுசை எடுத்து அம்புக்குறி பார்த்து வைத்தேன். எடுத்ததைப் பின்பக்கம் கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் சாய்த்து வைத்தேன். எல்லாம் இவர் நடைப்பயிற்சி முடிந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. "எங்கே, கெட்டுப்போன இடத்தைக் காட்டுங்க பார்க்கலாம்" என்றேன். அத்தை தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

(இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, கண்ணு. எத்தனை கிழவிக தண்ணி குடிக்காம கெடக்கறாளுகளோ" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.)

பிறகு மருத்துவரிடம் கேட்டு, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே ராத்திரி எரிகிற ஒரு சின்ன விளக்கும், சுவரோரம் ஒரு கைப்பிடியும் வைத்தோம். நீர்க்கடுப்பு மறுபடி வரவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கம்பளம் போடுகிறீர்களோ இல்லையோ, ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக் காலையில், வீட்டுப் பெரியவர்களின் தலைமாட்டில் இருக்கும் சொம்பைத் தூக்கிப் பாருங்கள். நிறைந்திருந்தால் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். தரையாக இருக்கலாம், இருட்டாக இருக்கலாம், உயரமான வாசற்படியாக இருக்கலாம். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சொம்பு இப்போதெல்லாம் காலையில் காலியாகத்தான் இருக்கிறது. ரோஜாவுக்கு நான் வேறு தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன்.

அடுத்த இதழில், குளிரிலும் பூஞ்சை பிடிக்காமல் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளைப் பத்திரப்படுத்துவது எப்படி என்று பார்க்கலாம். அதுவரை வணக்கம்.